பதினேழு மாட்டுக்கு ஒரு சேலை

கிழக்கே கடலோரத்து ஊர்களிலிருந்து பதினேழு மாடுகள் எங்கள் நெட்டேந்தல் மந்தைக்கு வந்து சேர்ந்த பங்குனி மாதத்தில்தான் முத்துராக்குவின் வாடை அவளை விட்டுப் போனது, அது போனதை முதலில் கண்டுபிடித்தது எங்களில் யாருடைய மூக்கும் அல்ல, அவள் வீட்டு நாய். வாசலில் சோற்றுத் தட்டோடு நின்றவளை அது நிமிர்ந்து பார்க்கவில்லை, வாலை ஆட்டவில்லை, குரைக்கவும் இல்லை, வழியில் கிடக்கும் கல்லைத் தாண்டுவதுபோல அவள் பாதத்தின்மேல் ஏறி இறங்கி, தட்டு தானாக வந்து தரையில் உட்கார்ந்தது என்கிற நினைப்பில் சோற்றைத் தின்றுவிட்டுப் போனது. அன்றைக்கு நாங்கள் சிரித்தோம். நன்றிகெட்ட நாய் என்று அதன்மேல் கல் எறிந்ததும் நாங்கள்தான்.

எங்கள் ஊரில் மாடு என்றால் வீட்டுக்கொன்றாகக் கட்டிப்போட்டுக் கறக்கிற மாடு அல்ல, மந்தை. நாற்பது வீட்டு மாடுகளும் ஒன்றாகச் சேர்ந்து, அறுவடை முடிந்த வயல்களில் இரவெல்லாம் அடைந்து கிடந்து, சாணியும் மூத்திரமுமாக மண்ணுக்கு உரம் ஏற்றிவிட்டு அடுத்த வயலுக்கு நகரும். இதைக் கிடை போடுவது என்போம், வயற்காரர்கள் எங்கள் கிடைக்காக முறைவைத்துக் காத்திருப்பார்கள், அந்தப் பெருமையில் எங்களுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. போன ஆனியில் மாடுகளுக்கு அம்மை கண்டு மேலெல்லாம் முண்டு முண்டாக எழும்பியபோது அந்தக் கனம் இறங்கிப்போனது. ஆம்பிளைகள் நாங்கள் மருந்துக்கும் மந்திரத்துக்கும் அலைந்துகொண்டிருக்க, ஏழு மாத வயிற்றோடு மந்தைக்குள் நுழைந்து, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து ஒவ்வொரு மாட்டின் மேலும் தன் கையால் பூசியவள் முத்துராக்கு, கிடைக்காரன் சேவுகனின் பெண்டாட்டி. பதினேழு செத்தன, மற்றதெல்லாம் அவள் கையால் பிழைத்தன. அதற்குப் பிறகு கண்மாய்க்கு அந்தக் கரையில் அவள் துணி துவைத்தால், இந்தக் கரையில் மேய்கிற இருநூறு மாடுகளும் மேய்ச்சலை நிறுத்திவிட்டுத் தலை தூக்கும்.

செத்த பதினேழுக்குப் பதிலாகப் பிடித்து வந்ததுதான் அந்தப் பதினேழும். ஆனால் வாங்கிவந்து விட்டவுடன் சேர்த்துக்கொள்ள மந்தை என்ன சந்தையா? மந்தைக்கு முன்னோடியான மூப்புமயிலை என்கிற கிழட்டுப் பசு கொம்பைத் தாழ்த்தி ஒரு மூச்சு விட்டதும், இருநூறும் ஒரே முகமாகத் திரும்பிப் புதுசுகளை வேலியோரம் வரை முட்டித் தள்ளின, ஒரு கிடாரிக்கு விலாவில் கிழிசல், ஒன்றுக்குக் கண்ணோரம் ரத்தம்.

இதற்கென்று எங்களுக்கு ஒரு முறை இருக்கிறது, வாடை கட்டுவது என்று அதற்குப் பேர். மாட்டுக்கு உடையவர் வேர்வை ஊறிய தன் துணியொன்றைப் புதுமாட்டின் கழுத்தில் கட்டி, மந்தைச் சாணியை அதன் முதுகில் பூசி, மூன்று நாள் காலையிலிருந்து பொழுது சாயும்வரை அதன் இடுப்பில் கை வைத்தபடி மந்தையோடு மந்தையாக நடக்க வேண்டும். ஏற்கெனவே தெரிந்த ஆளின் வாடை புதுமாட்டிலிருந்து வரவர மந்தை மனசு இளகும், மூன்றாம் நாள் ஏதாவது ஒரு பசு அதை நக்கிக்கொடுக்கும், அத்தோடு அது நம்ம மாடு. அப்புறம் அந்தத் துணியை அவிழ்த்து, அலசாமல், உடையவரே தன் தலையில் சுற்றிக்கொள்ள வேண்டும், கொடுத்த வாடையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்பார்கள். வாங்காவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் அதுவரை யாரும் வாங்காமல் இருந்ததில்லை.

பங்குனிப் பொங்கலுக்கு ஐந்து நாள் இருந்தது. பந்தல் போடணும், சாமிக்கு மண்குதிரை எடுக்கணும், வெயிலோ மண்டையைப் பிளக்கிறது, இதில் பதினேழு பேர் மூன்று நாள் மாட்டின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பதா என்று எங்களுக்குச் சோம்பல் வந்தது. சோம்பல் என்று அன்றைக்கு நாங்கள் சொல்லவில்லை, யோசனை என்று சொன்னோம். யோசனையை வாய்விட்டுச் சொன்னவர் மந்தைக்குப் பெரியவரான ஆண்டிச்சாமி அம்பலம், சேவுகனுக்குப் பெரியப்பா.

"பதினேழு பேரு எதுக்கு? முத்துராக்கு வாடைன்னா மந்தைக்கு மனப்பாடம். அவ சேலை ஒண்ணு குடுத்தா, கிழிச்சு எல்லாத்துக்கும் கட்டிவிட்டு நாம பாட்டுக்கு வேலையப் பாக்கலாம்."

பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற முத்துராக்கு தயங்கினாள். பாப்பாவுக்குத் தன்விகா என்று பேர் வைத்திருந்தார்கள், ஊரில் முக்கால்வாசிப் பேர் வாயில் அது நுழையாததால் பாப்பா என்பதே நிலைத்துவிட்டது.

"வேர்வை ஊறுற நூல் சேலைன்னு எங்கிட்ட ஒண்ணுதான் மாமா இருக்கு. அம்மை கண்டப்ப நான் கட்டியிருந்தது. இப்ப பாப்பாவுக்குத் தூளி கட்டுறேன். அதுல போட்டாத்தான் இவ ஒறங்குவா."

"வேற சேலையில கட்டு ஆத்தா. ஒரு சேலையில என்ன இருக்கு?"

நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். ஊரே தலையாட்டும்போது ஒருத்தி எவ்வளவு நேரம்தான் மாட்டேன் என்பாள்? தூளியிலிருந்து அவிழ்த்து அவளே கொண்டுவந்து கொடுத்தாள், கிழித்தது மட்டும் எங்கள் கை.

காரியம் ஒரே நாளில் முடிந்தது. காலையில் கட்டினோம், மத்தியானம் மூப்புமயிலை புதுசுகளை வரிசையாக மோந்து பார்த்து ஒவ்வொன்றின் நெற்றியிலும் நாக்கை வைத்தது, சாயங்காலம் பதினேழும் மந்தையின் நடுவில் நின்று அசைபோட்டன, நாங்கள் மீசையைத் தடவிக்கொண்டு பந்தல்கால் நடப் போனோம். மூன்றாம் நாள் துணியை அவிழ்க்கப் போனால் பதினேழு கழுத்தும் மொட்டையாக இருந்தன. ஒன்றின் துணியை இன்னொன்று தின்றிருந்தது. மாடு துணி தின்னும் என்பது எங்களுக்குத் தெரியாதா, கொடியில் காயும் வேட்டியையும் சுவரில் ஒட்டின நோட்டீசையும் தின்கிற சாதிதானே. உடையவர் மூன்று நாளும் கூடவே நடப்பது மாட்டுக்குக் காவல் இல்லை, துணிக்குக் காவல் என்பது அப்போதுதான் எங்கள் மண்டையில் ஏறியது.

அன்றைக்குத்தான் நாய் அவள் பாதத்தில் ஏறி நடந்தது. மறுநாள் எறும்புகள் ஏறி நடந்தன, கடிக்கவில்லை. ஊரையே பிய்த்துத் தின்கிற கொசு அவளைத் தொடவில்லை. கண்மாய்க் கரையில் நல்லபாம்பு ஒன்று அவள் பாதத்தைச் சுற்றிக்கொண்டு வெயில் காய்ந்ததை ஆறு பேர் பார்த்தோம். மந்தைக்குள் அவள் போனால் மாடுகள் மிரளவும் இல்லை, விலகவும் இல்லை, அவள் தொட்டால் மட்டும் ஈ உட்கார்ந்ததுபோலத் தோலைச் சிலிர்த்துக்கொண்டன. சேவுகன் எங்களிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னான், "பக்கத்துல படுத்திருந்தா ஆளு படுத்திருக்க மாதிரி இல்லண்ணே. பாய் மட்டும் கெடக்க மாதிரி இருக்கு."

எந்த அதிசயமும் எங்கள் ஊரில் மூன்று நாளைக்குத்தான் அதிசயம், நாலாவது நாள் அது ஒரு வசதி. புளியமரத்துத் தேனடையை எடுக்க முத்துராக்குவை ஏற்றினோம், தேனீ நடுவே கையைவிட்டு அவள் அடையைப் பிட்டுத் தந்தாள், ஒன்றும் கொட்டவில்லை. யாரையும் அண்டவிடாத கோயில்காளைக்குச் சலங்கை கட்ட அவளை அனுப்பினோம். குளவிக்கூடு, அடைக்கோழி, கிணற்றுக்குள் விழுந்த வெறிநாய் எல்லாவற்றுக்கும் அவள்தான். பொறாமைப்பட்டவர்களும் உண்டு, "குடுத்து வச்சவ, கொசுவத்தி மிச்சம்" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அவள் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வந்தாள், சொன்னதைச் செய்தாள், செய்துவிட்டு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் எதைத் தேடினாள் என்பது எங்களுக்குத் தெரியும், தெரியாததுபோல இருந்துகொண்டோம்.

ஏனென்றால் பாப்பாவுக்கும் அவள் இல்லாமல் போயிருந்தாள். மார்பில் வைத்தால் சுவரில் வைத்ததுபோல முகத்தைத் திருப்பியது, தூக்கினால் தன்னை யாரோ அந்தரத்தில் விட்டதுபோல வீறிட்டது. மிரட்சியில் அவள் முகத்துக்கு நேரே பார்த்த கண்கள் அவளைத் தாண்டி எதையோ தேடின, அந்தப் பார்வையைப் பார்த்தவர்கள் யாரும் அன்றைக்கு ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இரண்டு நாள் சங்கில் புகட்டிய தண்ணீரில்தான் குழந்தையின் உயிர் நின்றது. மூன்றாம் நாள் காலை, மந்தை வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தரிசுக்கு வந்தபோது, பாப்பா அழுகையை நிறுத்தி மூக்கை உயர்த்தியது. படியிறங்கித் தவழ்ந்தது, வேலிச் சந்து வழியாக நுழைந்தது, இருநூறு மாட்டுக் குளம்புகளுக்கு நடுவே ஒன்றிலும் மிதிபடாமல் நேராகப் போய்ப் புதுமாடுகளில் ஒரு செவலையின் காலடியில் உட்கார்ந்து சிரித்தது. செவலை கொஞ்சம் காலை அகட்டி நின்றது. பாப்பா மடியில் வாய் வைத்துக் குடித்தது.

பதினேழில் அப்போது பால் இருந்தது ஐந்துக்குத்தான். ஒரு வாரத்தில் மீதிப் பன்னிரண்டுக்கும் மடி இறங்கியது, அதில் காளை பார்க்காத கிடாரிகள் நான்கு. பதினேழும் பாப்பா அழுத திசைக்கு ஒரே நேரத்தில் திரும்பும், பதினேழும் தொண்டைக்குள்ளேயே ஒரே குரலில் முனகும், அந்த முனகல் முத்துராக்கு தூளி ஆட்டும்போது முனகுகிற அதே இழுப்பில் இருந்ததைப் பெண்கள்தான் முதலில் கவனித்தார்கள், கவனித்ததை வெளியே சொல்லவில்லை.

இதற்கும் பழகிக்கொண்டோம். பாப்பாவுக்குப் பசிக்கும் நேரம் பார்த்து மந்தையை மடக்கினோம், வயற்காரர்களிடம் "பிள்ளைக்குப் பால் நேரம், கிடை கொஞ்சம் தாமதமாத்தான் வரும்" என்று சொன்னோம், அவர்களும் சரி என்றார்கள். எடை போட வந்த நர்சம்மா பாப்பாவைத் தராசில் தொங்கவிட்டு, எடை நன்றாக இருப்பதாக எழுதிக்கொண்டு, தாய்ப்பால்தானே என்று கேட்டார்.

"ஆமா, குடுக்குறாக" என்று நாங்கள் ஒன்றாகச் சொன்னோம். அப்போது முத்துராக்கு வீட்டுக்குப் பின்னால் முருங்கைமரத்தடியில், மார்பில் பால் கட்டிய வலி தாங்காமல் பாலைப் பீய்ச்சி மண்ணில் விட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பாலை மொய்க்க ஒரு எறும்புகூட வரவில்லை.

அவள் சும்மா இருக்கவில்லை. அந்தப் பதினேழின் கழுத்தையும் கட்டிப்பிடித்து உரசிப் பார்த்தாள், அவை படுத்த இடத்தில் புரண்டு பார்த்தாள், ஒன்றும் ஒட்டவில்லை. செவலையின் வயிற்றுக்கடியில் பாப்பா தூங்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து அதன் உள்ளங்காலைத் தொடுவாள், பாப்பா தூக்கத்திலேயே காலை இழுத்துக்கொள்ளும். எங்கள் நெஞ்சு கரையாமல் இல்லை. ஆனால் கரைந்த நெஞ்சை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

சித்திரை பிறந்து பத்து நாளில் மந்தை மேற்கே கிளம்ப வேண்டும், ஆடிவரை வாய்க்கால் பாசனத்து வயல்களில் கிடை. மந்தை போனால் பாப்பாவும் போக வேண்டும், பாப்பாவுக்கு வேறெதுவும் இறங்கவில்லை. சேவுகன் பிள்ளையை வைத்து நடக்கக் கூடை முடைந்துகொண்டிருந்த காலையில் முத்துராக்கு எங்கள் எல்லோர் முன்னாலும் வந்து நின்றாள்.

"என்னைய மந்தையில சேத்துவிடுங்க மாமா."

"கூட வாயேன் ஆத்தா, ஒன்னைய யாரு வேணாங்கிறா?" என்றார் அம்பலம்.

"கூட வர்றது இல்ல. சேக்கிறது. மாட்டைச் சேக்கிற மாதிரி."

எங்களில் ஒருவன் சிரித்தான், சிரிப்பு பாதியில் நின்றது. அம்பலம் எழுந்து அவள் முன்னால் வந்தார்.

"சேக்கணும்னா வாடை கட்டணும். வாடை கட்டணும்னா உடையவுக வேணும். ஒனக்கு யாரு உடையவுக?"

சேவுகன் எழுந்து தோளில் கிடந்த துண்டை எடுத்தான். அவள் வேண்டாம் என்று அவன் கையைத் தள்ளினாள்.

"இதக் கட்டுனா பாப்பா என்னைய நீங்கன்னு நெனைக்கும்." அளவு பார்க்கப் பாதி முடைந்த கூடைக்குள் உட்காரவைத்திருந்த பாப்பாவிடம் குனிந்து, அதன் இடுப்பில் சுற்றியிருந்த ஈரத் துணியை அவிழ்த்து எடுத்தாள். "இதக் கட்டுங்க."

"அப்ப நீ பாப்பாவோட மாடா?" என்றார் அம்பலம்.

"ஆமா மாமா. அவதான் எனக்கு உடையவ."

அம்பலமே துணியை அவள் கழுத்தில் கட்டினார். மந்தைச் சாணியை எடுத்து அவள் முதுகில் பெண்கள் பூசினார்கள். மூப்புமயிலையின் கழுத்துக் கயிற்றோடு அவள் கையைச் சேர்த்துக் கட்டி, மற்ற மாடுகள் நக்குகிற அதே கல்லுப்பை அவள் உள்ளங்கையில் வைத்தோம், அவள் நக்கினாள். இந்தத் தடவை சோம்பல்படவில்லை. பதினேழு மாட்டுக்காரர்களும் வேலையைப் போட்டுவிட்டு, சித்திரை வெயிலில் செருப்பில்லாமல், அவள் கழுத்துத் துணியில் எந்த மாட்டின் வாயும் படாமல் பார்த்துக்கொண்டு மூன்று நாள் சுற்றிச்சுற்றி நடந்தோம்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை, மூப்புமயிலை தன் கயிற்றில் எதுவும் கட்டப்படாததுபோல அவளை இழுத்துக்கொண்டு மேய்ந்தது, முள்ளிலும் கல்லிலும் அவள் கால் கிழிந்தது. இரண்டாம் நாள் உச்சிவேளையில் மயிலை நின்று, திரும்பி, கொம்பைத் தாழ்த்தி அவள் விலாவில் ஒரு முட்டு முட்டியது. அவள் சுருண்டு விழுந்தாள், நாங்கள் சந்தோஷத்தில் கத்திவிட்டோம், இல்லாத ஒன்றை எந்த மாடும் முட்டாது. விழுந்தவளும் வலியோடு சிரித்தாள். மூன்றாம் நாள் காலையில் அவளைக் கொசு கடித்திருந்தது, முழங்கையில் இருந்த தடிப்பை எங்களிடம் காட்டிக் காட்டி நடந்தாள். மத்தியானம் எறும்பு கடித்தது. பொழுது சாய்கிற நேரத்தில் மூப்புமயிலை அவள் நெற்றியிலிருந்து உச்சிவரை நாக்கால் ஒரு இழுப்பு இழுத்தது, இருநூறு மாடுகளும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கின.

அம்பலம் அவள் கழுத்துத் துணியை அவிழ்த்து, அலசாமல், பாப்பாவின் இடுப்பில் திரும்பச் சுற்றினார். கயிற்றையும் அவிழ்த்தோம். பிறகு பாப்பாவைத் தரையில் இறக்கிவிட்டு எல்லோரும் பின்னால் நகர்ந்து நின்றோம்.

பதினேழும் அரைவட்டமாக நின்றன, அவற்றுக்கு நடுவில் முத்துராக்கு சம்மணம் போட்டு உட்கார்ந்து மாராப்பை விலக்கிக் கையை நீட்டினாள். பாப்பா மூக்கை உயர்த்தியது. தவழ்ந்து வந்தது, செவலையைத் தாண்டியது, அவளைப் பார்த்தது. தாண்டி எதையும் தேடவில்லை, அவளைத்தான் பார்த்தது. சேவுகன் எங்களில் ஒருவன் தோளைப் பிடித்திருந்தான், நகம் பதிந்தது. பாப்பா அவள் முழங்காலருகே வந்து நின்றது, மடியில் ஏறவில்லை. மடியில் ஏறிக் குடிப்பது அதற்கு மறந்துவிட்டிருந்தது, தலையைத் தாழ்த்தி அடியில் நுழைய இடம் தேடியது. முத்துராக்கு ஒரு கணம்தான் யோசித்தாள். பிறகு உள்ளங்கை இரண்டையும் மண்ணில் ஊன்றி, முழங்காலில் நின்றாள். பாப்பா அவளுக்கு அடியில் வந்து குடித்தது.

நாங்கள் அழுதோம். பெண்கள் குலவையிட்டார்கள். இத்தனை நாளும் மண்ணில் போன பால் பிள்ளை தொண்டையில் இறங்குகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் குடித்துவிட்டுப் பாப்பா வாயை எடுத்தது, அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்காமல், அவளுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, பக்கத்தில் நின்ற செவலையிடம் போனது. அது முடிந்தால் அதற்கடுத்த கிடாரி இருந்தது.

இப்போது எட்டிப் பிடித்து வாரி அணைப்பாள், வைவாள், மாரில் அடித்துக்கொண்டு அழுவாள் என்று எதிர்பார்த்தோம், அழுதால் தேற்ற வார்த்தைகூடத் தயாராக வைத்திருந்தோம். அவள் அழவில்லை. கையும் முழங்காலுமாக ஓரடி விலகி, செவலை கால் அகட்டி நிற்பதற்கு இடம் விட்டாள்.

மறுநாள் விடிந்ததும் மந்தை மேற்கே கிளம்பியது, தூசிக்கு நடுவில் அவள் பதினேழோடு பதினேழாக நடந்து போனாள். அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வழியனுப்ப எங்கள் எல்லோருக்கும் ஆசைதான். அவள் திரும்பிப் பார்க்காவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் ஒருவரும் கூப்பிடவில்லை.